இருட்டறை வாசலில் சொன்னது

அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் பத்து நிமிஷம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருந்தது. மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து மேல்மாடி எழுத்தர் வரை எல்லோரும் "பத்து நிமிஷம் வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். பத்தொன்பது வருஷமாக ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தால் அது பெயராக ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

மனிதர்கள் எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், எப்படி மறக்கிறார்கள் என்று ஆராயும் துறை அது. இரண்டாவது மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள், ஒரு ஸ்டாப்வாட்ச், இருபது பட அட்டைகள். ஏணி, சீப்பு, குடை, கத்தரிக்கோல், இப்படி. சோதனைக்கு வருகிறவருக்கு ஒவ்வொரு அட்டையையும் மூன்று விநாடி காட்டுவாள். ஞாபகம் இருப்பதைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொள்வாள். பிறகு பாதிப் பேரை ஜன்னல் வைத்த வெளிச்ச அறைக்கு அனுப்பி, இரண்டு படங்களுக்குள் ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வாள். மீதிப் பேரை ஜன்னலே இல்லாத இருட்டறையில் சும்மா உட்காரவைத்துக் கதவைச் சாத்துவாள். பத்து நிமிஷம் கழித்து எல்லோரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, அதே இருபது படங்களை மறுபடி கேட்பாள். அவ்வளவுதான் வேலை. கேட்க எளிது. பத்தொன்பது வருஷம் செய்து பார்த்தால் தெரியும்.

பேராசிரியர் அவளை எடுத்ததற்குக் காரணம் அவள் படிப்பு அல்ல. பள்ளிக்கூடத்தோடு நின்ற படிப்பு. பதினோரு பேரை வரிசையாக நிற்கவைத்து ஒரு காகிதத்தைப் படிக்கச் சொன்னாராம். பத்துப் பேர் உணர்ச்சியைக் கொட்டிப் படித்தார்கள். இவள் ரயில் நேரம் அறிவிக்கிற மாதிரி படித்தாள். "இந்தக் குரல்தான் வேணும்" என்று எழுந்துவிட்டார் மனிதர். ஏற்ற இறக்கமில்லாத குரல், யாரையும் எதற்கும் தூண்டாத குரல். அது பாராட்டா திட்டா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் நான்கு மாதம் சோதனையில் ஒன்றும் தேறவில்லை. இரண்டு அறைக்காரர்களும் ஒரே மாதிரி மறந்தார்கள். பேராசிரியர் தலையைப் பிய்த்துக்கொண்டார். ஐந்தாம் மாதத்திலிருந்து இருட்டறைக்காரர்கள் விறுவிறுவென்று முன்னேறினார்கள். வெளிச்ச அறையில் ஒன்பது படம் சொன்னால், இருட்டறையில் பதினான்கு. அப்புறம் அது மாறவே இல்லை. மனசை இருட்டில் சும்மா விட்டால் நினைவு கெட்டிப்படும் என்று அவர் எழுதினார். எழுதியது பாடப் புத்தகத்தில் ஏறியது. பள்ளிக்கூடங்களில் பாடம் முடிந்ததும் பிள்ளைகளை விளக்கணைத்து உட்காரவைத்தார்கள். எங்கே பேசப் போனாலும் பேராசிரியர் ஒரு நகைச்சுவை சொல்வார்: "முதல் நாலு மாசம் என் உதவியாளர் தொழில் பழகினார், அதைக் கழிச்சுட்டேன்." அரங்கம் சிரிக்கும். உதவியாளர் அரங்கத்தில் இருக்கமாட்டாள்.

அந்த நான்காம் மாதக் கடைசியில் நடந்த ஒரு விஷயம் யாருடைய கட்டுரையிலும் இல்லை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருட்டறையில் உட்கார்ந்தார். ஆறு நிமிஷம் போயிருக்கும், கதவை இரண்டு கையாலும் அறைந்தார். அவள் ஓடித் திறந்தபோது சட்டை முழுக்க வேர்வை. "என்னை மறந்துட்டுப் போயிட்டீங்களோன்னு நெனச்சேம்மா" என்றார். நினைவாற்றல் துறையில் இப்படி ஒரு பேச்சு.

அன்று வீட்டில் கணவனிடம் அதைச் சொன்னாள். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களை மீட்பது அவனுக்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிற வேலை. இருட்டைவிட, எவ்வளவு நேரம் என்று தெரியாததுதான் மனிதர்களை ஆட்டிவைக்கும் என்றான். அதனால் கருவிப்பையைத் திறப்பதற்கு முன்னாலேயே கதவில் வாயை வைத்து, "பத்தே நிமிஷம், வந்துடுவேன், பயப்படாதீங்க" என்று கத்துவானாம். உள்ளே அழுகை நின்றுவிடுமாம்.

அடுத்த சோதனையிலிருந்து அவளும் இருட்டறைக் கதவைச் சாத்துமுன் மெல்லச் சொல்ல ஆரம்பித்தாள். "பத்தே நிமிஷம். வந்து திரும்பவும் இதையேதான் கேப்பேன். பயப்படாதீங்க." பிறகு ஒருவரும் கதவைத் தட்டவில்லை. வெளிச்ச அறையில் யாரும் பயப்படவில்லை; அங்கே சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை.

பத்தொன்பதாம் வருஷத்தில் இடி இறங்கியது. தொலைவில் இரண்டு பல்கலைக்கழகங்களில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள், ஒன்றும் வரவில்லை. மூன்றாவதாக ஒரு பெண் ஆராய்ச்சியாளர் இருநூறு பேரை வைத்துச் செய்தாள். அவளுக்கும் வரவில்லை. எண்கள் இவ்வளவு சுத்தமாக வருவது எப்படி என்று ஒரு கட்டுரையில் கேட்டாள். கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் பொய்க் கணக்கு எழுதினீர்களா என்பதைத்தான் அப்படிச் சுற்றிவளைத்துக் கேட்டிருக்கிறாள் என்பது படித்தவர்கள் எல்லோருக்கும் புரிந்தது. பேராசிரியர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

பல்கலைக்கழகம் ஒரு முடிவு எடுத்தது. அந்த ஆராய்ச்சியாளரே நேரில் வரட்டும். முதல் நாள் எல்லாவற்றையும் பார்க்கட்டும். இரண்டாம் நாள் அவள் கண்ணெதிரே பதினாறு பேரை வைத்துச் சோதனை நடக்கட்டும். வித்தியாசம் வந்தால் வாயை மூடிக்கொண்டு போகவேண்டியது. வராவிட்டால் பேராசிரியர்மேல் விசாரணை.

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சிடுசிடுப்பை எதிர்பார்த்த இடத்தில் "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். ஒரு பை நிறையக் கருவிகள். இருட்டறையின் இருட்டை அளந்தாள். கதவின் கனத்தை, நாற்காலியின் உயரத்தை, அட்டைகளின் ஓரத் தேய்மானத்தைக்கூட அளந்தாள். குறிப்புத் தாளை வாங்கித் தன்னிடம் இருந்ததோடு ஒத்துப் பார்த்தாள். இரண்டிலும் இருட்டறை வருகிற இடத்தில் ஒரே வரி: 'கொஞ்ச நேரம் இங்கே உட்காருங்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்தவும்.' தாளில் அப்படி இருக்கும்போது வாயிலும் அதுதான் இருக்கும் என்று நம்புவதற்கு நிறையப் படித்திருக்கவேண்டும். பேராசிரியரும் வந்தவளும் நிறையப் படித்திருந்தார்கள்.

நாலு மணிக்கு டீ குடிக்கும்போது அந்தப் பெண் சும்மா பேச்சுக்குச் சொன்னாள்: "எங்க ஊர்ல பெரிய தலைவலி அக்கா. இருட்டறையிலேர்ந்து வந்தவங்ககிட்ட மறுபடி கேட்டா, 'திரும்பவுமா? சொல்லவே இல்லையே'ன்னு சண்டைக்கு வர்றாங்க. உள்ள உக்காந்து வீட்டுக்கவலையெல்லாம் யோசிச்சேன், படத்த யாரு யோசிச்சாங்கன்னு கேக்கறாங்க. நீங்க எப்படிச் சமாளிக்கறீங்க?"

எங்களிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள். பத்தொன்பது வருஷம், ஆயிரக்கணக்கான பேர். இருட்டறையிலிருந்து வந்த ஒருவர்கூட 'திரும்பவுமா' என்று கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை? அவள்தான் கதவைச் சாத்துமுன் சொல்லிவிட்டாளே. கேட்கப்போகிறார்கள் என்று தெரிந்தவன் இருட்டில் சும்மாவா உட்கார்ந்திருப்பான்? ஏணி, சீப்பு, குடை என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டல்லவா இருந்திருப்பான்.

டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பழகிப்போச்சு மேடம் என்று எதையோ சொல்லி எழுந்தாள். நேரே மேல்மாடிச் சாமான் அறைக்குப் போனாள். முதல் வருஷத்துக் குறிப்பேடு அட்டை கிழிந்து அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. அவள் கையெழுத்துதான், இப்போதையதைவிடக் குண்டாக. பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். இருட்டறைக் கணக்கில் ஒன்பது, எட்டு, பத்து, ஒன்பது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை: 'தபால்காரர், பாதியில் நிறுத்தம்.' அடுத்தது திங்கள். பதினான்கு. செவ்வாய், பதினைந்து. புதன், பதினான்கு.

பேராசிரியர் தொழில் பழகிய காலம் என்று கழித்துக் கட்டிய நான்கு மாதம்தான் சுத்தமான நான்கு மாதம். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் அவளுடைய கைங்கரியம். குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது.

வீட்டில் கணவன் முழுவதையும் கேட்டான். கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில், நாளைக்கும் எப்போதும் சொல்வதைச் சொல்லிவிட்டு வா, எண் வரும், வந்தவள் பெட்டியைக் கட்டுவாள், உன் ஐயாவும் மானத்தோடு வீட்டுக்குப் போவார் என்றான். அதில் தப்பு ஒன்றும் இருந்ததாக அவளுக்கும் முதலில் தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அவர் பொய்யர் இல்லை என்று நிரூபணமாகும். அதே மூச்சில் அவர் வாழ்நாளெல்லாம் கட்டியது சரியும். சரித்தவள் யார் என்று கேட்டால் விரல் இவள் பக்கம் திரும்பும். வேலை போவது நிச்சயம். அவர் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்பதுதான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அது உண்மைதானான்னே எனக்கு உறுதியாத் தெரியலையேங்க," என்றாள். "நானா கற்பனை பண்ணிக்கறேனோ என்னவோ."

அவன் தட்டை நகர்த்திவிட்டு யோசித்தான். மாட்டேன் மாட்டேன் என்றிருந்த முகம், தொழில் பேச்சு வந்ததும் மாறியது. "லிஃப்ட் நின்னா, நான் கடைசியா கை வெச்ச இடத்தைத்தான் முதல்ல பாப்பேன். அதை மட்டும் மாத்திட்டு ஓட்டிப் பாப்பேன். ஓடிச்சுன்னா தப்பு என்னோடது." சொன்ன பிறகு, சொல்லியிருக்கவேண்டாமோ என்று அவனுக்கே தோன்றியிருக்கவேண்டும். கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் காலை பேராசிரியர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். சவரம் செய்த இடத்தில் ஒரு கீறல் இருந்தது. எந்த நாளும் இல்லாமல் அவள் மேசையருகே வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "எப்பவும் செய்யறபடியே செய்ம்மா. புதுசா ஒண்ணும் வேணாம்." சரி சார் என்றாள். அந்த இரண்டு வார்த்தை வெளியே வருவதற்குள் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பதினாறு பேர். எட்டுப் பேர் வெளிச்ச அறைக்கு, எட்டுப் பேர் இருட்டறைக்கு. முதல் அறையின் மூலையில் ஒரு காமிரா வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே பேராசிரியரும் வந்தவளும் ஒட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டறைக் கதவு தாழ்வாரத்தின் திருப்பத்தில் இருந்தது. அங்கே காமிராவும் இல்லை, காதும் இல்லை.

முதல் ஆளை இருட்டறையில் உட்காரவைத்து, எப்போதும் சொல்வதைச் சொன்னாள். இரண்டாவதாக வந்தவர் தையற்காரர். அவரிடம் தாளில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். மூன்றாமவரிடம் சொன்னாள், நாலாமவரிடம் சொல்லவில்லை. சொன்னவர்களின் தாள் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். அவளுக்கே தெரியாமல் அவள் அன்று ஆராய்ச்சியாளர் ஆகியிருந்தாள். ஆனால் ஆராய்ச்சியாளர்களுக்குக் கை இப்படி வேர்க்குமா என்பது தெரியவில்லை.

ஆறாமவர் வயதான பெண்மணி, பள்ளிக்கூட நூலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். முறைப்படி அவருக்குச் சொல்லக்கூடாது. கதவு மூடும்போதே அந்த அம்மாள் இடுக்கு வழியாக இவளைப் பார்த்த பார்வை, தபால்காரரின் பார்வை. ஐந்தாம் நிமிஷம் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆறாம் நிமிஷம் செருப்பு தேய்ந்தது. ஏழாம் நிமிஷம், "அம்மா... யாராவது இருக்கீங்களா?" என்று ஒரு குரல். கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. ஒரு வார்த்தை போதும். சொன்னால் உள்ளே இருப்பவர் மூச்சுவிடுவார். சொன்னால் எல்லாம் கெட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்பதுதான் விஞ்ஞானம் என்றால் அது நாசமாகப் போகட்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நின்றாள். ஒன்பதாம் நிமிஷம் முடியுமுன்பே கதவைத் திறந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

மறுபடி படங்களைக் கேட்டபோது அந்த அம்மாள், "திரும்பவுமா?" என்றார். பேராசிரியர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. கேட்க அவர் சோதனை அறைக்கு வந்ததும் இல்லை.

மத்தியானம் எண்களைக் கூட்டிப் பார்த்தார்கள். வெளிச்ச அறைக்குச் சராசரி ஒன்பது. இருட்டறை எண்கள் தாறுமாறாகக் கிடந்தன. பதினைந்து, எட்டு, பதினான்கு, ஒன்பது, பத்து, ஏழு, பதினாறு, பன்னிரண்டு. வித்தியாசம் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வந்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, வருத்தமாகவே, இது போதாது சார் என்றாள். பேராசிரியர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து மெலிந்து சட்டைக் காலருக்குள் தனியாக ஆடியதை இவள் அப்போதுதான் கவனித்தாள். எட்டுத் தாள்களையும் எடுத்தாள். புள்ளி வைத்த நாலை ஒரு பக்கம், வைக்காத நாலை ஒரு பக்கம் மேசையில் பரப்பினாள்.

"சார், இந்த எட்டும் ஒண்ணு இல்ல. இந்த நாலு பேர்கிட்ட, திரும்பக் கேப்பேன்னு சொன்னேன். அந்த நாலு பேர்கிட்ட சொல்லல."

வந்தவள் முதலில் பார்த்தாள். புள்ளி வைத்ததில் பதினைந்து, பதினான்கு, பத்து, பதினாறு. வைக்காததில் எட்டு, ஒன்பது, ஏழு, பன்னிரண்டு. நாலு நாலு பேரை வைத்து எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்று அவள் வாய் சொன்னது. கண், இவள் எடுத்துவந்திருந்த முதல் வருஷத்துக் குறிப்பேட்டின் மீது இருந்தது. தபால்காரரின் வெள்ளிக்கிழமையை இவள் விரித்து வைத்திருந்தாள்.

கடைசியில் பேராசிரியர், "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்று கேட்டார். கோபம் இல்லாத குரல். ரயில் நேரம் அறிவிக்கிற குரல்.

"அவங்க பயந்தாங்க சார். பயந்தவங்களுக்கு ஒரு வார்த்த சொல்றத உங்ககிட்ட சொல்லணும்னு தோணல."

அவர் எழுந்து போனார். கதவைக்கூட அறையவில்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்று வாரம் அவர் அவளிடம் பேசவில்லை. சோதனைகள் நின்றிருந்தன. அவள் தினமும் வந்து அட்டைகளைத் துடைத்து அடுக்கினாள். காகிதப் பையில் தன் டம்ளரையும் குடையையும் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். பெயரும் போயிற்று. காவலாளிகூட அவளை 'அம்மா' என்று கூப்பிட்டான். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளைக்கு நூறு தடவை நினைத்தாள். அந்த நூலகத்து அம்மாளின் குரல் ஞாபகம் வரும்போது மட்டும் வேறு மாதிரி நினைத்தாள்.

நாலாவது வாரம் ஒரு திங்கட்கிழமை காலை அவர் வந்தார். கையில் ஒரு கட்டுரையின் படி. தான் முன்பு எழுதியவை எந்த இடத்தில் தவறின என்று அவரும் வந்தவளும் சேர்ந்து எழுதியது. மேலே இரண்டு பெயர், மூன்றாவதற்கு ஒரு கோடு. "உன் முழுப்பேர் என்னம்மா?" என்றார். பத்தொன்பது வருஷத்தில் இருபத்திரண்டு கட்டுரைகள். எதிலும் அவள் 'ஓர் உதவியாளர்'. எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொள்கிற கட்டுரையில்தான் அவள் பெயர் ஏறப்போகிறது. அவமானமாக இருந்தது; சந்தோஷமாகவும் இருந்தது. சொன்னாள். அவர் நின்றபடியே எழுதிக்கொண்டார்.

"ஒரு பத்தி பாக்கி இருக்கு," என்றார். "உள்ள இருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு எழுதணும். நான் ஒரு தடவகூட உக்காந்தது இல்ல."

அவள் அட்டைகளை எடுத்தாள். பேராசிரியர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலில் கை வைத்து, ஏணியையும் சீப்பையும் குடையையும் மூன்று மூன்று விநாடி பார்த்தார். ஞாபகம் இருந்ததைச் சொன்னார். பிறகு இருட்டறைக்குப் போய், தடவி நாற்காலியைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார். தாளில் உள்ள வரியை மட்டும் சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தப்போனாள். சோதனை என்றால் சோதனை. இனி ஒரு வார்த்தை கூடக்கூடாது.

கதவு முக்கால்வாசி மூடியபோது உள்ளிருந்து குரல் வந்தது. அறுபத்துநாலு வயதுக் குரல், ஆனால் சின்னதாக இருந்தது. "வந்துடுவே இல்ல?"

கதவில் வைத்த கையோடு நின்றாள். பிறகு இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்.

"பத்தே நிமிஷம் சார். வந்து திரும்பவும் இதையேதான் கேப்பேன். பயப்படாதீங்க."